பேதுரு சார் விட்டுப்போன கிட்டார்

கெஸ்ட் ஹவுஸ் விஜயகுமாரிக்குப் பால் ஊற்றுகிறவர் இத்தனை வருடத்தில் ஒரு நாளும் அவளிடம் சிரித்துப் பேசியதில்லை. பாத்திரத்தில் பால் விழுந்ததும் ஒரு சொட்டை எடுத்து நகத்தின்மேல் விட்டுப் பார்ப்பாள். அது நிற்காமல் ஓடினால், "இன்னா நாயுடு, மாடு இன்னிக்கு ஏரியிலயே எறங்கிட்டுதா?" என்பாள். சிலிண்டர் கொண்டுவருகிறவர், அவள் அதை ஆட்டிப் பார்த்து முடிக்கும்வரை வாசலில் நிற்க வேண்டும். காய்கறிக் கடையில் தராசுத் தட்டைத் தூக்கி அடியில் பார்க்கிற ஒரே பொம்பளை ஆம்பூரில் அவள்தான் என்று ஃபாக்டரி டிரைவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். அவள் காதில் விழும்படி யாரும் சிரித்ததில்லை.

பிறவியிலேயே அப்படி இருந்தவள் அல்ல. குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற குடும்பத்தில் பிறந்து, இரண்டு தெரு தள்ளி விசைத்தறி வைத்திருந்தவனுக்கு வாழ்க்கைப்பட்டவள். கணவன் மாதாமாதம் லுங்கிக் கட்டுகளோடு ஓசூர் போவான். சில நாள் தங்கி வருவான். கேட்டால் வியாபாரம் என்பான். அவளும் புளிச்சோறு கட்டிக்கொடுத்து அனுப்புவாள். ஓசூரில் அவனுக்கு இன்னொரு வீடு இருந்தது. அந்த வீட்டில் ஒரு பெண்ணும், பள்ளிக்கூடம் போகிற பிள்ளையும் இருந்தார்கள். அது தெருவுக்கே தெரிந்திருந்தது. மாமியாருக்குத் தெரியும், தறி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், எதிர்வீட்டில் இட்லி சுட்டு விற்றவளுக்குத் தெரியும். இவளுக்குத்தான் தெரியவில்லை.

தெரிந்த அன்று கணவன்மேல் வந்த கோபத்தைவிட, தன்மேல் வந்த வெட்கம்தான் பெரிதாக இருந்தது. எத்தனை பேர் எதிரில் ஒன்றும் தெரியாமல் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறோம் என்று நினைத்து நினைத்துக் கூசிப்போனாள். இனிமேல் எந்த விஷயத்தையும் ஊரெல்லாம் அறிந்தபிறகு அறிகிறவளாக இருக்கப் போவதில்லை என்று முடிவுசெய்துகொண்டு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஆம்பூருக்கு வந்துசேர்ந்தாள். மகள் இப்போது ஜோலார்பேட்டையில் ரயில்வேக்காரனைக் கட்டிக்கொண்டு நன்றாக இருக்கிறாள். அந்த மாப்பிள்ளையைக்கூட அவன் வேலை செய்கிற இடம்வரை சொல்லாமல் போய்ப் பார்த்துவிட்டுத்தான் சம்மதித்தாள்.

பைபாஸுக்கு உட்புறம், ஒரு தோல் தொழிற்சாலைக்குச் சொந்தமான மாடிவீடு அந்த கெஸ்ட் ஹவுஸ். தோலுக்கு நிறமும் பளபளப்பும் ஏற்றும் வேலையைச் சொல்லிக்கொடுக்க வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் மாடியில் தங்குவார்கள். சமையல், பெருக்கல், சாவிக்கொத்து எல்லாம் விஜயகுமாரி பொறுப்பு. இந்த வேலையை அவளுக்குக் கொடுத்தவர் தொழிற்சாலையின் நிர்வாக மேனேஜர் ராமமூர்த்தி. அவளை 'விஜயாம்மா' என்று தவிர வேறு மாதிரி அழைத்ததில்லை. அவள் உலகத்தில் சந்தேகப்படாமல் வைத்திருந்த மனிதர் அவர் ஒருவர்தான்.

இத்தாலியிலிருந்து பியெத்ரோ வந்தபோது அவரோடு ஒரு பெரிய பெட்டியும் வந்தது. தோல் ஆட்களுக்கு அந்தப் பெயர் நாக்கில் நிற்கவில்லை. ஸ்ப்ரே மெஷினில் அவருக்கு உதவியாக இருந்த தேவசகாயம், "நம்ம பைபிள்ல வர்ற பேதுருதான் இது" என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து எல்லோருக்கும் அவர் பேதுரு சார். விஜயகுமாரியை அவர் 'சிஞோரா' என்று கூப்பிட்டார். அது என்ன வசவோ என்று அவளுக்கு ஒரே உறுத்தல். ஆபீஸில் வேலைபார்க்கும் சௌம்யா கம்ப்யூட்டரில் பார்த்து, "அம்மான்னு கூப்பிடற மாதிரி மரியாதைதான் ஆன்ட்டி" என்று சொன்னபிறகும், கொஞ்ச நாள் அந்த வார்த்தை வரும்போதெல்லாம் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

பெட்டியை அவள் திறந்து பார்த்தது அவர் வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில். உள்ளே ஒரு கிட்டார். பழுத்த இலந்தைப்பழ நிறம். சர்ச்சில், கல்யாண மேடைகளில் அவள் பார்த்த கிட்டார்கள் இரண்டு வகை. ஒன்று நடுவில் வட்ட ஓட்டையோடு குடம்போலப் பருத்திருக்கும். இன்னொன்று பலகையை அறுத்துக் கம்பி கட்டினதுபோல இருக்கும். இது இரண்டிலும் சேரவில்லை. பார்க்கப் பருமன், கையில் எடுத்தால் எதிர்பார்த்ததைவிடக் கனம். மேலே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நெளிந்த பாம்புபோல இரண்டு துளைகள். அவள் போன் டார்ச்சை ஒரு துளைக்குள் அடித்துப் பார்த்தாள். வெளிச்சம் உள்ளே போய் ஒரு மரச்சுவரில் முட்டி நின்றது. அடுத்த துளையிலும் அப்படியே. நடுவில் மேலிருந்து கீழ்வரை எதையோ வைத்து அடைத்திருந்தது.

முதுகைத் திருப்பி, பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பதுபோல விரல் முட்டியால் தட்டினாள். ஓரங்களில் தொம்தொம் என்றது. நடுவில் வாயை மூடிக்கொண்டது.

மத்தியானமே ராமமூர்த்திக்குப் போன் போட்டாள். "சார், அந்த ஆளு கிட்டாருக்குள்ள தனியா ஒரு அறை வெச்சிருக்காரு. ஓரமெல்லாம் காலி, நடுவுல மட்டும் இன்னாவோ அடைச்சிருக்குது. பவுடர் கிவுடர்னு பேப்பர்ல போடறானே."

சாயங்காலம் ராமமூர்த்தி வந்தார். விஷயத்தைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. சொன்னதும் பேதுரு சார் கோபப்படவில்லை. குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு அவளைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்து, சின்ன ஸ்பீக்கர் பெட்டியில் கிட்டாரைச் சொருகினார். ஸ்பீக்கரின் வாய்க்கு நேரே கொண்டுபோனார். ஒரு ஊளை கிளம்பியது. தெருவில் இருந்த நாய் குரைத்தது. உள்ளங்கையைக் கம்பிகள்மேல் வைத்ததும் அடங்கியது. உள்ளே முழுக்கக் காலியாக இருந்தால் ஊளை இதைவிட ஜாஸ்தியாக வரும், அதைக் கட்டுப்படுத்தத்தான் நடுவில் கட்டை, ஓரத்தில் காற்றுக்கு இடம் என்று கையாலும் அரைகுறை ஆங்கிலத்தாலும் விளக்கினார். ராமமூர்த்தி அதைத் தமிழில் சொன்னார். பிறகு பேதுரு சார் அவள் கையை எடுத்து கிட்டாரின் முதுகில் வைத்து ஒரு கம்பியைத் தட்டினார். மரம் அவள் உள்ளங்கைக்குக் கீழே உயிருள்ளதுபோல நடுங்கி, மெதுவாக ஓய்ந்தது.

விஜயகுமாரி கையை இழுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். பாதி நம்பினாள்.

அதற்குப்பிறகு அவர் அங்கே இருந்த காலமெல்லாம் சாயங்காலங்களில் அந்தச் சத்தம் மாடிப்படி வழியாக இறங்கிவரும். அநேகமாக ஸ்பீக்கரில் சொருகாமல்தான் வாசிப்பார். அப்போது அது பக்கத்து அறைவரைக்கும் கேட்கிற சத்தம். அதைவிடத் தூரம் போகாது. மூடின கதவுக்கு அந்தப் பக்கம் நல்ல குரல் உள்ள யாரோ தணிந்து பேசுவதுபோல இருக்கும். கதவுக்குப் பின்னால் யாராவது தணிந்து பேசினால் அவளுக்குப் பிடிக்காது. இதை மட்டும் மாவு பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருக்கப் பழகிவிட்டாள். ஒருநாள் அவர் கம்பிகளைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். இரும்பு என்றால் சொரசொரப்பாக இருக்கும் என்று நினைத்துத் தொட்டாள். தேய்த்து முடித்த கன்றுத்தோல்போல விரல் வழுக்கிக்கொண்டு போனது.

அவருடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வந்து திடீரென்று ஊருக்குக் கிளம்பினார். இரண்டு மாதத்தில் வந்துவிடுவேன் என்றார். கிட்டார்ப் பெட்டியை அவள் கையில் கொடுத்து, கற்றுக்கொண்டிருந்த தமிழில், "பத்திரம், சிஞோரா" என்றார்.

இரண்டு மாதம் ஒரு வருடமானது. அம்மா தேறவில்லை, அவரும் வரவில்லை. கிட்டார் விஜயகுமாரியின் அறையில், அவளுடைய பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றது. தூசு படாமல் குடியாத்தம் லுங்கி ஒன்றைப் பெட்டிக்குச் சுற்றியிருந்தாள். அதைப் பார்க்க வேண்டும் என்று வந்தவர்களையெல்லாம் வாசலோடு அனுப்பினாள். டிரைவர் ஒருவன் போட்டோ எடுத்துக்கொள்கிறேன் என்றான். எதற்கு, ஆன்லைனில் விலைக்குப் போடவா என்று கேட்டாள். அவன் மறுபடி கேட்கவில்லை.

தொழிற்சாலையில் ஆண்டுவிழா வந்தது. பாட்டு, நடனம் எல்லாம் தொழிலாளர்களே செய்வது. தேவசகாயம் சர்ச்சில் கிட்டார் வாசிக்கிறவன். பேதுரு சாரோடு ஒன்றிரண்டு தடவை மாடியில் உட்கார்ந்து வாசித்தும் இருக்கிறான். நாற்பதை நெருங்குகிற, சத்தம்போட்டுப் பேசத் தெரியாத ஆள். விழாவுக்கு அந்தக் கிட்டாரைக் கொடுக்கும்படி ராமமூர்த்தியே சொன்னார். அவர் சொன்னதால் கொடுத்தாள். கொடுத்துவிட்டு விழாப் பந்தலில் முதல் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

தேவசகாயம் நன்றாகத்தான் வாசித்தான். ஆனால் பாட்டின் பாதியில் ஒரு கம்பி அறுந்தது. ஒரு வருடத்துக்குமேல் சும்மா கிடந்த கம்பி, ஆம்பூர்க் காற்றில் துருவேறியிருந்தது. மேடையைவிட்டு இறங்கியதும் அவளிடம் வந்தான்.

"அக்கா, ஒரு கம்பி போய்ட்டுது. மீதியும் தாங்காது. வேலூர்ல புது செட் வாங்கி, மாட்டிக் கொண்டாந்து தர்றேன்."

"இங்கயே வெச்சு மாட்டு."

"வாங்கணும்ல அக்கா. கடை நாளைக்குதான்."

ராமமூர்த்தி பக்கத்தில் நின்று, "குடுங்க விஜயாம்மா, நம்ம பையன்தானே" என்றார். கொடுத்தாள். அவன் கொண்டுவந்து கொடுக்கும்வரை அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கொண்டுவந்தான். பெட்டியை வைத்துவிட்டு, டீ வேண்டாம் என்று சொல்லி ஷிப்டுக்கு ஓடினான். அந்த அவசரமே அவளுக்குப் பிடிக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு பெட்டியைத் திறந்தாள். நிறம் அதே நிறம். முனையில் இருந்த சின்னக் கீறல் அங்கேயே இருந்தது. கம்பியில் விரலை வைத்தாள். அரத்தைத் தொட்டதுபோலச் சொரசொரத்தது. தட்டினாள். சத்தமும் வேறு. மூடின கதவுக்குப் பின்னால் பேசிக்கொண்டிருந்த குரல் இப்போது தெருவில் இறங்கி நின்று பேசியது. பளீர் என்று, தகரம் கலந்தாற்போல.

மிக்ஸி ரிப்பேருக்குக் கொடுத்து, உள்ளே இருந்த நல்ல மோட்டாரை உருவிக்கொண்டு ஓட்டை மோட்டாரை வைத்துத் தந்த கடைக்காரனை அவள் பார்த்திருக்கிறாள். மேல்மூடி அதேதான், உள்சாமான்தான் வேறு. டார்ச்சை எடுத்துத் துளைக்குள் அடித்தாள். கட்டை இருந்தது. அதற்குப் பக்கத்தில், கிட்டாரின் குமிழ்களுக்குப் போகிற ஒயர்கள்மேல் பழுப்புத் தோல் வாரை நெருக்கமாகச் சுற்றி முடிச்சுப்போட்டிருந்தது. முதன்முதலில் அவள் பார்த்தபோது அங்கே தோல் எதுவும் கிடையாது. அது அவளுக்கு நிச்சயம்.

உள்ளே கைவைத்திருக்கிறான். ஃபாரின் சாமானை எடுத்துக்கொண்டு லோக்கல் சாமானை வைத்து, தோல்வாரால் கட்டியிருக்கிறான். தோல்வார், தோலுக்கு நிறமேற்றுகிற ஆளைத் தவிர வேறு யாரிடம் இருக்கும்?

மறுநாள் மத்தியானம் அவளே தொழிற்சாலைக்குப் போனாள். கேன்டீனில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தேவசகாயம் டிபன் பாக்ஸைத் திறந்திருந்தான். ராமமூர்த்தியும் அங்கே இருந்தார்.

"தேவா, அதுக்குள்ள இருந்த சாமான எங்க வெச்ச?"

அவனுக்குப் புரியவில்லை. "எந்த சாமான்க்கா?"

"கிட்டார்ல இருந்த சாமான். சத்தம் மாறிட்டுது. உள்ள தோல் சுத்தி வெச்சிருக்கிற."

"அக்கா, நான் கம்பி மட்டும்தான் மாத்தினேன். அந்தத் தோலு முன்னாடியே இருந்தது. பேதுரு சார் கட்டினதா இருக்கும்."

"நான் பாத்தப்போ இல்ல. வந்த மொத வாரமே டார்ச் அடிச்சுப் பாத்தவ நானு."

சுற்றியிருந்தவர்கள் கையைச் சோற்றில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள். தேவசகாயம் வாதாடத் தெரிந்தவனாக இருந்தால் வாதாடியிருப்பான். அவன் டிபன் பாக்ஸை மூடிவிட்டு எழுந்துபோனான். எழுந்துபோனதே போதும், பாதிப்பேர் நம்பிவிட்டார்கள். ராமமூர்த்தி ஒன்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார்.

சாயமும், தோலுக்குப் பளபளப்பு ஏற்றுகிற பூச்சும் இருக்கிற கெமிக்கல் ஸ்டோரின் சாவி அதுவரை தேவசகாயத்திடம் இருந்தது. பேதுரு சார் நம்பி அவன் கையில் கொடுத்த பொறுப்பு. விஷயம் தெளிவாகிறவரைக்கும் என்று சொல்லி ராமமூர்த்தி அதை வாங்கிக்கொண்டார். இதைச் சௌம்யா வந்து சொன்னபோது விஜயகுமாரிக்குத் திருப்தியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் சர்ச்சில் வாசிப்பதை நிறுத்திவிட்டான் என்றும், பின்வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறான் என்றும் சௌம்யாவே இன்னொரு நாள் சொன்னாள். குற்றமுள்ள நெஞ்சு என்று விஜயகுமாரி சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொன்னபோது முன்பிருந்த திருப்தி வரவில்லை.

மழைக்காலம் முடிந்த ஒரு பிற்பகல், சௌம்யா போனை நீட்டிக்கொண்டே கெஸ்ட் ஹவுஸுக்குள் ஓடிவந்தாள். வீடியோவில் பேதுரு சார். முடி நரைத்து முகம் இளைத்திருந்தது. அம்மா இறந்துவிட்டதாகவும், இனிமேல் அந்த ஊரிலேயே வேலை, ஆம்பூருக்கு வரப்போவதில்லை என்றும் சொன்னார். சௌம்யா இங்கேயும் அங்கேயும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

விஜயகுமாரி உள்ளே போய்க் கிட்டாரை எடுத்துவந்தாள். "கேளு சௌம்யா. சத்தம் மாறினது எப்படின்னு அவரே சொல்லட்டும். கேட்டாலே தெரியும் அவருக்கு." போனுக்கு நேராகப் பிடித்து ஒரு கம்பியைத் தட்டினாள்.

அவர் சிரித்தார். புதுக்கம்பி யார் மாட்டினது என்று கேட்டார். தேவா என்றதும், நல்லவேளை, பழையது துருப்பிடித்திருக்கும் என்றார். அவர் போட்டிருந்தது பட்டைக்கம்பி. வழவழவென்று பட்டையாகச் சுற்றின கம்பி, அதனால் சத்தம் தணிந்து வரும். அது இங்கே சாதாரணக் கடையில் கிடைக்காது. தேவா போட்டிருப்பது எல்லாரும் போடுகிற உருட்டுக்கம்பி. கைக்குச் சொரசொரக்கும், சத்தம் பளீரென்று வரும். மற்றபடி அதே கிட்டார்தான்.

விஜயகுமாரி கம்பியை மறுபடி தடவிப் பார்த்தாள். இருந்தாலும் விடவில்லை. "உள்ள தோலு சுத்தியிருக்குதே. அதக் கேளு."

சௌம்யா கேட்டாள். பதில் நீளமாக வந்தது. கேட்டுக்கொண்டே சௌம்யாவின் முகம் மாறியது.

"அது அவரு கட்டினதாம் ஆன்ட்டி. வாசிக்கும்போது ஒயர் மரத்துல பட்டு கிர்ருன்னு அதிருமாம். நம்ம ஃபாக்டரில அவரு பாஸ் பண்ணின மொத தோல்ல ஒரு வார் அறுத்துச் சுத்தினாராம். தேவா அண்ணன்தான் அறுத்துக் குடுத்தாராம், எதுக்குன்னு அவருகிட்ட சொல்லலையாம். உள்ள யாராவது பிரிச்சிருந்தா அந்த முடிச்சு இருக்காதுன்னு சொல்றாரு."

விஜயகுமாரி டார்ச் அடித்துப் பார்த்தாள். முடிச்சு அழுக்கேறி இறுகிப்போய் இருந்தது. எத்தனையோ மாதத்துத் தூசு அதன்மேல் படிந்திருந்தது. கம்பி மாற்றி வந்த அன்று பார்த்தபோது இந்தத் தூசு எங்கே போயிருந்தது? இருந்திருக்கும். அவள்தான் பார்க்கவில்லை. திருட்டைத் தேடிப் பார்த்தவள் கண்ணுக்குத் திருட்டு மட்டும்தான் தெரிந்தது.

போனில் பேதுரு சார் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கிட்டாரை தேவாவுக்குக் கொடுத்துவிடச் சொல்கிறார் என்றாள் சௌம்யா. விஜயகுமாரி தலையாட்டினாள். போனை வைத்தபிறகு கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டுக் கேட்டாள்.

"ஸ்டோர் சாவி இப்ப யாருகிட்ட இருக்குது?"

"நவீன்குமார்கிட்ட. ராமமூர்த்தி சாரோட மச்சான் மகன். ஆண்டுவிழா முடிஞ்ச வாரமே சேந்தாரே, தெரியாதா?"

தெரியாது. ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தது, அவளுக்குத் தெரியாது. கிட்டாரைக் கொடு என்றதும், கொண்டுபோகட்டும் விடு என்றதும், கேன்டீனில் வாயைத் திறக்காமல் தலையாட்டினதும் ஒருவரே. அவர் இதையெல்லாம் திட்டம்போட்டுச் செய்தார் என்று சொல்வதற்கில்லை. ஆனால் கதவு திறந்ததும் தன் ஆளை உள்ளே விட்டுக்கொண்டார். கதவைத் திறந்துவிட்டவள் அவள்.

மறுநாள் தேவசகாயத்தின் வீட்டுக்குப் போனாள். வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். உட்காரச் சொல்லவில்லை. அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கம்பியைப் பற்றி, தோல்வாரைப் பற்றி. தப்பு என்னோடது என்றாள். கிட்டார் இனி உன்னோடது என்றாள்.

அவன் துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டுத்தான் திரும்பினான்.

"எனக்கு வேணாம்க்கா அது. என் வீட்டுல இருந்தா, நாளைக்கு ஒரு குமிழ் கழண்டாலும் டார்ச் எடுத்துகிட்டு வருவீங்க."

சொல்லிவிட்டுச் சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தினான்.

"இன்னொண்ணு. என்கிட்ட தனியா வந்து சொல்றீங்களே, எனக்குத்தான் அது முன்னாடியே தெரியுமே, நான் எடுக்கலன்னு. எங்க கேட்டீங்களோ அங்க போய்ச் சொல்லுங்க."

அவள் அன்றைக்கே போயிருக்கலாம். போகவில்லை. கேன்டீனில் போய் நின்றால், எத்தனை கண்கள் தன்னைப் பார்த்துச் சிரிக்கும் என்று நினைத்தபோது குடியாத்தத்துத் தெரு அப்படியே எதிரில் வந்தது. சில நாள் வேலையில் மனம் ஒட்டவில்லை. பாலை நகத்தில் விட்டுப் பார்க்க மறந்தாள். பால்காரர் அதைக் கவனித்து, உடம்புக்கு ஏதாவதா என்று முதல்தடவையாக விசாரித்தார்.

கடைசியில் ஒரு மத்தியானம் போனாள். சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். தேவசகாயம் ஓரத்தில் இருந்தான். அவள் முன்பு நின்ற அதே மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"நான் இங்க வந்து தேவாவப் பத்தி ஒண்ணு சொன்னேன். அது பொய். அவன் ஒண்ணும் எடுக்கல. கெட்டுப்போன கம்பிய அவன் கைக்காசு போட்டு மாத்தினான், அவ்ளோதான். பேதுரு சாரே சொல்லிட்டாரு. கேக்கறவங்க சௌம்யாகிட்ட கேட்டுக்கலாம்."

எங்கோ ஒரு கரண்டி விழுந்தது. ராமமூர்த்தி எழுந்து வந்தார். "சரி விடுங்க விஜயாம்மா. ஆறிப்போன விஷயம். இத எதுக்குக் கெளறிகிட்டு."

"ஆறல சார். வெவரம் தெளிவாகிறவரைக்கும்னு சொல்லிச் சாவிய வாங்கினீங்க. தெளிவாய்டுச்சி. சாவி யாருகிட்ட சார் இருக்குது?"

நவீன்குமார் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். இந்தத் தடவை அங்கிருந்து வெளியே போனது ராமமூர்த்தி.

நல்லவனுக்கு அன்றே நீதி கிடைத்தது என்று எழுத ஆசைதான். சாவி திரும்பி வரவில்லை. பார்க்கலாம் என்றார்கள், அடுத்த மாதம் என்றார்கள். பங்குனியில் தேவசகாயம் அந்த வேலையை விட்டு நின்று, பேர்ணாம்பட்டுப் பக்கம் வேறொரு தொழிற்சாலைக்குப் போய்விட்டான். அங்கே ஸ்டோரும் அவன் பொறுப்புதான் என்று கேள்வி. சர்ச்சில் மறுபடி வாசிக்க ஆரம்பித்தான். ராமமூர்த்தி அதற்குப்பிறகு விஜயகுமாரியை அம்மா போட்டு அழைத்ததில்லை. வேலை என்றைக்குப் போகுமோ என்று அவளும் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். இதுவரை போகவில்லை. அவள் அளவுக்குக் கெஸ்ட் ஹவுஸைக் காக்க வேறு ஆள் கிடைக்கவில்லை என்று டிரைவர்கள் சொல்கிறார்கள்.

கோடையில் ஸ்பெயினிலிருந்து ஒருவர் வந்தார். அவர் கையில் பேதுரு சார் பட்டைக்கம்பி செட் ஒன்றைக் கொடுத்தனுப்பியிருந்தார். விஜயகுமாரி தேவசகாயத்துக்குப் போன் போட்டுச் சொன்னாள். வருவான் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பேர்ணாம்பட்டு பஸ்ஸில் இறங்கி நேராக வந்தான்.

"எதிர்ல உக்காருங்க. நீங்க பாக்க மாட்டுறேன்."

"வேணாம் தேவா."

"உக்காருங்க அக்கா."

உட்கார்ந்தாள். அவன் உருட்டுக்கம்பிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திக் கழற்றினான். புதுக்கம்பியைச் சொருகி முறுக்கினான். கம்பி ஏற ஏற மரம் முனகியது. கிட்டாரின் கழுத்தில் காதை வைத்துக் கேட்டுச் சரிசெய்தான். பிறகு ஸ்பீக்கரில் சொருகாமலே ஒரு கீர்த்தனையின் மெட்டை வாசித்தான். அந்தப் பழைய சத்தம் வந்தது. தணிந்த, உருண்ட, அறைக்குள்ளேயே தங்கிவிடுகிற சத்தம். நடுக்கட்டைக்கு இரண்டு பக்கமும் இருந்த காற்று கொஞ்சநேரம் அதைப் பிடித்துவைத்திருந்து, பிறகு வெளியே விட்டது.

"உள்ள எடம் இல்லாம இருந்தா இந்தச் சத்தம் வராதா?" என்று கேட்டாள். அதுவரை அவள் யாரிடமும் கிட்டாரைப் பற்றி இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

"ஓரத்துலதான்க்கா எடம். நடுவுல கட்ட."

"ரெண்டும் வேணுமா?"

"இதுக்கு வேணும்."

கிட்டாரை அவன் எடுத்துப்போகவில்லை. இங்கேயே இருக்கட்டும், வரும்போது வாசிக்கிறேன் என்றான். சனிக்கிழமைகளில் வேலை சீக்கிரம் முடிந்தால் வருவான். அவள் டீ போட்டு மாடிப்படியில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவாள். அவன் வாசித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போவான். வாராவாரம் அப்படித்தான். அவன் தன்னை மன்னித்துவிட்டானா என்பது அவளுக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. கேட்டு, அவன் ஆமாம் என்று சொல்லிவிட்டால், அதை நம்பலாமா வேண்டாமா என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கும்.